சதுரங்கத்தில் ஒரு முற்றுகை

அறிவை வளர்க்கும் விளையாட்டுகளுள் சதுரங்கம் தலைசிறந்ததாகும். 'சதுர்' என்பது நான்கு. 'அங்கம்' என்பது உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகளையுடைய படையைக் குறித்த அப்பெயர், அப்படையைக் கட்டங்களில் நிறுத்தி ஆடும் ஆட்டத்திற்கும் ஆகிவந்தது. இந்திய நாட்டில் தோன்றிய இவ்வாட்டம் பாரசீகம் சென்று, அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்து, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது. குருதி சிந்தாத இப்போரில் ஒவ்வொரு பக்கத்திற்கும் 16 காய்கள் உண்டு. போர்க்களமோ 64 கட்டங்களையுடைய ஒரு சிறு பலகை.

பண்டைத் தமிழர் போரினைத் திணைகளாக வகுத்துரைத்தனர். இரு படைகளும் ஒரு களத்தில் எதிர்நின்று பொருதலைத் தும்பை என்றனர். பகைவரது மதிலை வளைத்து முற்றுகையிடுதலை உழிஞை என்றனர். அம்மதிலை அகத்தே இருந்து காத்தலை நொச்சி எனப் புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாக்கிக் கூறும். சதுரங்கத்திலும் இவ்வகைப் போர்கள் யாவும் உண்டு. காய்களை வாரி இறைத்து, அரசனை நேரே தாக்கி, இருபது நகர்த்தல்களில் வெல்லும் ஆட்டங்கள் தும்பையை ஒப்பன. அவை காண்பார் கண்ணைக் கவர்வன. மற்றொரு வகை ஆட்டத்திலோ வாள் வீச்சு இல்லை, ஆரவாரம் இல்லை. ஒருவர் சிறிது சிறிதாக இடத்தைக் கைப்பற்றுவார். மற்றவர் சிறிது சிறிதாக ஒடுங்குவார். இஃது உழிஞையை ஒப்பது. அத்தகைய முற்றுகை ஒன்றனையே ஈண்டுக் காணப் போகின்றோம்.

புதிதாகச் சதுரங்கம் கற்பவர், எதிரியின் காயை வெட்டுவதே வெற்றிக்கு வழி என்று எண்ணுவர். ஒவ்வொரு காயை வெட்டியபோதும் அதனைப் பலகையின் ஓரத்தில் அடுக்கி வைத்து மகிழ்வர். அவ்வாறு எண்ணுவோர் நாம் கூறப்போகும் ஆட்டத்தைக் கண்டால் வியப்பெய்துவர். 44 நகர்த்தல்கள் கொண்ட அவ்வாட்டம் முழுவதிலும் இருபுறத்தும் வெட்டுண்டவை ஒவ்வொரு காலாளும் ஒவ்வோர் அமைச்சருமே. தோற்றவர் ஆட்டத்தைக் கைவிட்டபோது வென்றவரிடம் 14 காய்கள் இருந்தன. தோற்றவரிடமும் 14 காய்கள் இருந்தன. ஒரு காயும் மிகுதியாக வெட்டாமல் ஒருவர் வென்றது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இத்தகைய ஆட்டமுறைக்கு அடிகோலியவர் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் என்பார். இவர் 1836ஆம் ஆண்டு பிராகா நகரில் பிறந்து, 1886ஆம் ஆண்டு சதுரங்கத்தின் முதல் உலக முதல்வரானவர். இவர் காலத்துக்கு முன், வெற்றி என்பது துணிவுடைய உள்ளத்தில் திடீரெனத் தோன்றும் மின்னல் என்றே பலரும் கருதினர். ஸ்டைனிட்ஸோ, சிறுசிறு நலன்கள் பல சேர்ந்தே பெருநலனாகும் என்றும், அந்நலன்கள் சேராமுன் தாக்குவோன் தோற்பான் என்றும் காட்டினார். அவருக்குப் பின் வந்த ஆரோன் நிம்சோவிச், 1925ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய 'என் முறை' என்னும் நூலில், வழியை அடைத்தல், திறந்த வரிசையைக் கைக்கொள்ளல், எதிரியின் எண்ணத்தை அவன் தொடங்குமுன்னரே தடுத்தல் முதலியவற்றை இலக்கணமாக வகுத்தார். இலக்கணம் முன்னே அமைந்தது. அதற்குச் சிறந்த இலக்கியம் ஒன்று 1974ஆம் ஆண்டில் எழுந்தது.

அவ்வாண்டு ஜூன் திங்களில், பிரான்சு நாட்டின் தென்கடற்கரையிலுள்ள நீஸ் நகரில் 21ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. 2022ஆம் ஆண்டில் நம் மாமல்லபுரத்தில் நடைபெற்ற போட்டி இதே வரிசையில் 44ஆவதாகும் என்பதை மாணவர்கள் அறிந்திருக்கலாம். நீஸ் நகரில் சோவியத்து நாட்டு அணியின் முதற்பலகையில் ஆடியவர் அனத்தோலி கார்ப்போவ். யூரல் மலைநாட்டில் பிறந்த இவருக்கு அப்போது அகவை 23. மெலிந்த உடலும் அமைந்த பேச்சும் உடைய இவர், அடுத்த ஆண்டிலேயே உலக முதல்வராகிப் பத்தாண்டுக் காலம் அந்நிலையில் இருந்தவர். இவரை எதிர்த்து ஆடியவர் மேற்கு ஜெர்மனியின் வோல்ஃப்காங் உன்சிக்கர். இவர் 49 அகவையை அணுகியவர், நீதிபதியாகப் பணியாற்றியவர். சதுரங்கத்தைத் தொழிலாகக் கொள்ளாமலே அதில் பேராசான் என்னும் பட்டம் பெற்ற பெருமையுடையார். அன்று ஆடப்பெற்ற இசுபானியத் தொடக்கத்தில் இவர் துறைபோகியவர் என்பதும் கருதத்தக்கது. எனவே, இது வல்லவன் ஒருவன் எளியவன் ஒருவனை வென்ற கதையன்று.

ஆட்டத்தைத் தொடருமுன் சில பெயர்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். பலகையின் மூலையில் நின்று நேர்க்கோட்டில் செல்லும் காயை யானை என்போம். அதனைக் கோட்டை என்று வழங்குவாரும் உளர். மூலைவாட்டில் செல்லும் காயை அமைச்சர் என்போம். ஒவ்வொரு பக்கத்திற்கும் உள்ள இரண்டு அமைச்சருள் ஒருவர் வெண்கட்டங்களிலேயே செல்வார். மற்றவர் கருங்கட்டங்களிலேயே செல்வார். ஒருவர் மற்றவரது கட்டத்தில் ஒருநாளும் கால்வைக்க இயலாது. பொதுக் கணக்கில் யானையின் மதிப்பு ஐந்து காலாள். அமைச்சரின் மதிப்பு மூன்று காலாள். வெள்ளைக் காய்களை ஆடுவோர் அமர்ந்திருக்கும் பக்கத்திலிருந்து நோக்கியே இடம், வலம் என்று கூறுவோம்.

வெள்ளைக் காய்களை ஆடியவர் கார்ப்போவ். இருவரும் வழக்கமான முறையில் காய்களை வெளிக்கொணர்ந்து, தத்தம் அரசனை வலப்புறத்தில் காப்பான இடத்தில் சேர்த்தனர். 13ஆம் நகர்த்தலில் கார்ப்போவ் நடுக்களத்துக் காலாள் ஒன்றை ஐந்தாம் வரிசைக்கு முன்னேற்றினார். எதிரெதிர்க் காலாட்கள் முட்டி நின்றமையால் நடுக்களம் மதில்போல அடைபட்டது. அம்மதில் கறுப்பின் பக்கமாகச் சற்று நெருங்கி நின்றது. அதனால் வெள்ளைக்கு உலாவ இடம் மிகுந்தது. கறுப்புக்கு இடம் சுருங்கியது. சிறுநலன் ஒன்று சேர்ந்துவிட்டது.

பின்னர் வெள்ளையின் இடக்கோடிக் காலாள் முன்னேறி அடுத்த வரிசையிலிருந்த கறுப்புக் காலாளை வெட்டியது. கறுப்பும் பதிலுக்கு வெட்டியது. இதனால் இடக்கோடி நெடுவரிசையில் இருவர் காலாளும் இல்லாது போகவே, அவ்வரிசை திறந்த வழியாயிற்று. 22ஆம் நகர்த்தலில் உன்சிக்கர் தம் காலாள் ஒன்றை மேலும் ஒரு கட்டம் தள்ளினார். அப்போது பலகையின் இடப்புறமும் முற்றிலும் அடைபட்டது. வலப்புறத்தில் காலாட்கள் இன்னும் ஒன்றையொன்று எதிர்ப்படவில்லை. ஆகவே, படை நுழைவதற்குரிய வாயில் அவ்விடக்கோடி வரிசை ஒன்றே என்னும் நிலை ஏற்பட்டது.

அவ்வாயிலின் ஒருபுறத்தில் வெள்ளை யானையும் மறுபுறத்தில் கறுப்பு யானையும் ஒன்றையொன்று நோக்கி நின்றன. இங்குத்தான் மாணவர்கள் ஒரு நுட்பத்தை உணர்தல் வேண்டும். சிறிய வீட்டில் உறவினர் பலர் வந்து தங்கினால் காலை நீட்டவும் இடமிராது. சிலர் ஊர் திரும்பினால் இருப்பவர்க்கு மூச்சு விட இயலும். சதுரங்கத்திலும் இடம் குறைந்தவர்க்குக் காய்களை மாற்றிக்கொள்வதே நன்மை. ஆதலின், உன்சிக்கர் யானைகளை மாற்றிக்கொள்ள விரும்பினார். அவர் விருப்பம் நிறைவேறியிருப்பின், இடக்கோடி வாயில் எவருக்கும் உரிமையற்ற வெறுவழியாகியிருக்கும். கறுப்பின் நெருக்கடியும் நீங்கியிருக்கும்.

24ஆம் நகர்த்தல் வந்தது. கார்ப்போவ் தம் கருங்கட்ட அமைச்சரை எடுத்து, இடக்கோடி வரிசையில் கறுப்பு யானையின் முகத்துக்கு நேரே, அதனை ஒட்டிய கட்டத்தில் வைத்தார். காண்பார் திகைக்கும் நகர்த்தல் அது. வாயிலைக் கைப்பற்ற வேண்டியவர், அவ்வாயிலைத் தம் அமைச்சராலேயே அடைத்துவிட்டார்! அந்த அமைச்சர் அங்குச் செல்லும் வழி, உன்சிக்கர் 22ஆம் நகர்த்தலில் தள்ளிய காலாள் விட்டகன்ற கட்டத்தின் ஊடாகவே அமைந்திருந்தது. அந்தச் சிறு அடி பெயர்ந்திராவிடில், இந்தப் பூட்டு வாயிலில் ஏறியிராது.

பூட்டின் பயன் யாது? கறுப்பு யானை அமைச்சரை வெட்டலாம். வெட்டினால், பின்னே காவல் நிற்கும் வெள்ளை யானை அதனை வெட்டும். மூன்று மதிப்புடையதைப் பெற்று ஐந்து மதிப்புடையதை இழப்பார் யார்? எனவே, கறுப்பு யானையால் முன்னேற இயலவில்லை, மாற்றிக்கொள்ளவும் இயலவில்லை. வெள்ளைக்கோ அமைச்சரின் பின்னே வேண்டிய நேரம் இருந்தது. முதல் வரிசையில் வழிமறித்து நின்ற வெண்கட்ட அமைச்சர் 25ஆம் நகர்த்தலில் விலகி வழிவிட்டார். 26இல் இரண்டாம் யானை முதல் யானையின் பின்னே வந்து நின்றது. 27இல் அவ்வமைச்சர் தம் பழைய இடத்துக்கே மீண்டார். கதவின் உட்புறத்தே நிற்பவர் கதவைத் திறக்கும் நாளைத் தாமே குறித்துக்கொள்ளலாம்; வெளியே நிற்பவர் என்று திறக்குமோ என்று ஒவ்வொரு நொடியும் அஞ்சியிருத்தல் வேண்டும். முன்னிருந்த அமைச்சர் எப்போது விலகினும், இரண்டு யானைகளும் ஒருங்கே கறுப்பின் மனைக்குள் பாயும்.

இதன் விளைவை 28ஆம் நகர்த்தலுக்குப் பின் பலகையைப் பார்த்து அறியலாம். காலாட்கள் நீங்கலாகக் கறுப்புக்கு எட்டுக் காய்கள் இருந்தன. அவற்றுள் ஆறு காய்கள் கடைசி வரிசையிலும், எஞ்சிய இரண்டு அதற்கு முன்வரிசையிலும் ஒடுங்கிவிட்டன. ஆட்டம் தொடங்கியபோது அவை எங்கு நின்றனவோ, ஏறத்தாழ அங்கேயே திரும்பி நின்றன. ஒரு காயும் வெட்டுண்டமையால் வந்த நிலையன்று அது. ஒவ்வொன்றும் அந்த ஒரு வாயிலைக் காக்கும் கடமையால் பின்வாங்கியது. நொச்சி சூடிய படை மதிலை விட்டு வெளியேற வழியின்றி நின்றது.

இனி இடப்புறத்திலேயே தாக்கலாம் என்று நாம் எண்ணுவோம். கார்ப்போவ் அவ்வாறு செய்யவில்லை. எதிரியின் கண் முழுதும் இடப்புறத்தில் இருக்கும்போது, அவர் வலப்புறத்தை நோக்கினார். 30ஆம் நகர்த்தலில் அப்புறத்துக் காலாள் ஒன்றை இரண்டு கட்டம் முன்னேற்றி, அடுத்த நகர்த்தலில் மேலும் ஒரு கட்டம் செலுத்தினார். உன்சிக்கர் அப்புறத்தையும் தம் காலாட்களால் அடைத்துவிட்டார். பலகை முழுவதும் மதிலாயிற்று. மேற்போக்காகப் பார்ப்பவர்க்கு ஆட்டம் எவர்க்கும் வெற்றியின்றி முடியும் என்றே தோன்றும்.

ஆயினும், அம்மதிலில் ஒரு குறை இருந்தது. கறுப்பரசனைச் சூழ்ந்த காலாட்கள் யாவும் கருங்கட்டங்களிலேயே நின்றன. அவற்றினிடையேயும் அவற்றின் முன்னும் இருந்த வெண்கட்டங்களைக் காக்க எந்தக் காலாளும் இல்லை. அவற்றின் காவலன் கறுப்பின் வெண்கட்ட அமைச்சர் ஒருவரே. அந்தக் காவலனை அகற்றிவிட்டால் வெண்கட்டங்கள் யாவும் திறந்த வழிகளாகும். அகற்றத் தக்கவர் வெள்ளையின் வெண்கட்ட அமைச்சரே. அவர் 32ஆம் நகர்த்தலில் புறப்பட்டு, 34இல் பின்வரிசைக்கு இறங்கி, 35இல் மூலைவாட்டில் நெடுந்தொலைவு சென்று பலகையின் வலக்கோடியை அடைந்து, கறுப்பு அமைச்சரை எதிர்ப்பட்டார். வெள்ளை எப்போது விரும்பினும் இருவரும் மாற்றப்படலாம் என்னும் நிலை வந்தது.

அப்போதும் கார்ப்போவ் விரையவில்லை. 36 முதல் 40 முடிய ஐந்து நகர்த்தல்களில் அவர் எதனையும் வெட்டவில்லை. அரசியை வலப்புறம் பாய்தற்குரிய இடத்தில் நிறுத்தினார். யானைகளை ஒவ்வொரு கட்டம் மேலேற்றி ஒழுங்குபடுத்தினார். ஒரு குதிரையைப் பின்னிருந்து முன்னுக்குக் கொணர்ந்து, வேண்டும் இடத்தில் அமர்த்தினார். இந்நேரத்தில் உன்சிக்கர் செய்தது யாது? 37இல் அவரது அரசன் ஒரு கட்டம் விலகினான், 38இல் மீண்டான், 39இல் மறுபடியும் விலகினான், 40இல் மறுபடியும் மீண்டான். செய்யத்தக்க செயல் வேறொன்றும் அவர்க்கு இல்லை. எந்தக் காயை அசைப்பினும் ஒரு காவல் குறையும்.

இவ்விடத்தில் மாணவர்கள் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். இருவருமே காத்திருந்தனர். புறத்தே நோக்கின் இருவரும் பொறுமையுடையவரே. ஆயினும், ஒருவரது காத்திருத்தல் நாள்தோறும் கல்லடுக்கிச் சுவரெழுப்பும் கொத்தனின் வேலையை ஒத்தது; மற்றவரது காத்திருத்தல் ஊஞ்சலின் அசைவை ஒத்தது. முன்னதில் ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்குப் படியாயிற்று. பின்னதில் சென்ற அடியும் வந்த அடியும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. பொறுமை என்னும் பெயர் முன்னதற்கே உரியது.

41ஆம் நகர்த்தலில் வெள்ளை அமைச்சர் கறுப்பு அமைச்சரை வெட்டினார்; கறுப்புக் குதிரை அவரை வெட்டியது. காவலன் அகன்றான். 42இல் வெள்ளை அரசி வெண்கட்டங்களின் வழியே நேரே பாய்ந்து வலக்கோடிக்கு வந்தாள். 43இல் கறுப்பரசனின் வாயிலுக்குள்ளேயே, காப்பாரற்ற வெண்கட்டம் ஒன்றில் புகுந்தாள். 44இல் வெள்ளைக் குதிரை ஒன்று அவளுக்குத் துணையாக வந்து, அரசனை அடுத்திருந்த கருங்கட்ட அமைச்சரைத் தாக்கியது. கறுப்பு அரசிகளை மாற்றிக்கொண்டாலும், வெள்ளைக் காலாள் ஒன்று அரசனருகே வந்து உறுதியாக நிற்கும். அது விட்டகன்ற கட்டத்தில் மற்றொரு குதிரை வந்து பாயும். அவ்வளவையும் தடுக்கப் படை திரட்டினால் இடக்கோடி வாயில் காவலற்றுப் போகும். ஒரு கையால் இரண்டு வாயில்களை அடைக்க இயலாது என்பதை உணர்ந்த உன்சிக்கர் அவ்விடத்திலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

வியப்பானது ஒன்றுண்டு. இடக்கோடி வாயிலில் 24ஆம் நகர்த்தலில் அமர்ந்த அமைச்சர் இறுதிவரை அங்கேயே அமர்ந்திருந்தார். அவர் பின்னே நின்ற யானைகள் அவ்வாயில் வழியே ஒருகாலும் நுழையவில்லை. திறக்கப்படாத அந்தக் கதவே பாதிப் பகையை அங்குக் கட்டி வைத்தது. திறக்கும் என்னும் அச்சமே போரின் பாதியை வென்றது. அவ்வமைச்சர் ஆட்டம் முழுவதிலும் நகர்ந்தது இரண்டே முறை. அவருடைய துணைவராகிய வெண்கட்ட அமைச்சரோ 44 நகர்த்தல்களில் 12 நகர்த்தல்களைத் தாமே மேற்கொண்டார். ஒருவர் அசையாது நின்று கடனாற்றினார். மற்றவர் ஓயாது நடந்து கடனாற்றினார். நிற்கவேண்டியவர் நடந்திருந்தாலும், நடக்கவேண்டியவர் நின்றிருந்தாலும் வெற்றி கிட்டியிராது.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48 முதல் 50 முடிய ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியுள்ளார். அம்முறை வைப்பின் நுட்பம் இவ்வாட்டத்தால் நன்கு விளங்கும். யானைகளை மாற்றிக்கொள்வது யாருக்கு நன்மை என்று ஆராய்ந்தமை வலியறிதல். ஐந்து நகர்த்தல்கள் வெட்டாமல் பொறுத்து, பின் நான்கே நகர்த்தல்களில் முடித்தமை காலமறிதல். அமைச்சருக்குரிய கட்டத்தையும், அரசி புகுதற்குரிய வெண்கட்டத்தையும் தேர்ந்தமை இடனறிதல். வலியும் காலமும் இடமும் அறிந்து செய்யும் வினை ஆரவாரமின்றி முடியும் என்பதற்கு இவ்வாட்டம் சான்றாகும்.

வென்றவரைப் புகழும்போது தோற்றவரை இகழ்தல் முறையன்று. உன்சிக்கர் இவ்வாட்டத்தில் கண்மூடித்தனமாக ஒரு காயையும் இழந்துவிடவில்லை. அவர் செய்த ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தக்க காரணம் உண்டு. தமக்கு வேண்டிய மாற்றத்தைத் தக்க நேரத்தில் பெறாமல் விட்டமையும், தாம் பெயர்த்த ஒரு காலாள் எதிரிக்கு வழி திறந்துவிட்டமையுமே அவர் படைக்கு வந்த குறைகள். அவை சிறியன, எனினும், சிறியனவற்றைச் சேர்த்துவைக்கக் கற்றவர் எதிரே அமர்ந்திருந்தார். இனிக் காக்க இயலாது என்று கண்டபோது, எதிரி பிழை செய்யக்கூடும் என்று வீணே காலம் நீட்டாமல் ஒப்புக்கொண்டமை அந்நீதிபதியின் பெருந்தன்மைக்கு அழகு.

வாழ்விலும் இத்தகைய நிலைகள் நேரும். தேர்வுக்கு ஒரு திங்கள் இருக்கும்போது புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரே பக்கத்தை நோக்கியிருப்பவனும் காத்திருக்கிறான். நாளொரு பாடமாகக் கற்று அடுக்குபவனும் காத்திருக்கிறான். ஒரே நாள் வருகின்றது. இருவர்க்கும் அது வேறுவேறாகப் புலர்கின்றது. வறண்ட கோடையில் ஏரிக்கரையைச் செப்பனிட்டு வைக்கும் உழவன், மழையை வெட்டிக்கொண்டு வருவதில்லை. மழை வருங்கால் அதனை நிறுத்திக்கொள்ளும் இடத்தை ஆயத்தம் செய்கின்றான்.

மாணவர்களே, உங்கள் பள்ளியில் சதுரங்கப் பலகை இருக்குமாயின், ஆசிரியரின் துணையோடு இவ்வாட்டத்தின் 44 நகர்த்தல்களையும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். 24ஆம் நகர்த்தலுக்கு முன் நிறுத்தி, நீங்களாயின் எக்காயை நகர்த்துவீர்கள் என்று ஒருவரையொருவர் வினவிக்கொள்ளுங்கள். பின்னர் ஆட்டத்தை முடித்து, பலகையின் ஓரத்தில் கிடக்கும் காய்களை எண்ணுங்கள். இருபுறத்தும் இரண்டிரண்டே இருக்கும்.

பயிற்சி

1. சதுரங்கம் என்னும் பெயர் இவ்வாட்டத்திற்கு ஆகிவந்த வகையை விளக்குக.

2. தும்பை, உழிஞை, நொச்சி ஆகியவை எவ்வகைப் போர்களைக் குறிக்கும்? இவ்வாட்டம் அவற்றுள் எவற்றை ஒத்தது?

3. இடம் குறைந்தவர் காய்களை மாற்றிக்கொள்ள விரும்புவது ஏன்? பாடத்தில் வந்த உவமையைக் கொண்டு விடை எழுதுக.

4. 24ஆம் நகர்த்தலில் கார்ப்போவ் வாயிலை அடைத்தமையால் விளைந்த நன்மைகள் யாவை?

5. 'இருவரும் காத்திருந்தனர், ஒருவரே பொறுத்திருந்தார்.' இக்கூற்றை 36 முதல் 40 முடியவுள்ள நகர்த்தல்களைக் கொண்டு நிறுவுக.

6. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்றும் இவ்வாட்டத்தில் அமைந்துள்ள முறையை ஒரு பக்க அளவில் கட்டுரையாக வரைக.

7. உங்கள் ஊரில் ஆரவாரமின்றிப் பொறுமையாகச் செய்யப்பெறும் தொழில் ஒன்றனைக் கண்டு, அதன் படிகளை முறைப்படுத்தி எழுதுக.